குடிநீரைச் சுத்தி செய்யும் நுண்துகள்கள்

கிணற்று ஜலம் தெளிவாயிருப்பின் அது குடிக்கத் தக்கதே என்று குடியானவர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆயினும் நோய்க்கிருமிகளோ, பாஷாணமோ, பூச்சிமருந்தின் மிச்சமோ கண்ணுக்குப் புலப்படுவனவல்ல. கிருமி மிகுந்த குளத்து நீருக்குப் பதிலாக, வங்காள தேசத்தில் 1970-களிலிருந்து குழாய்க்கிணறுகள் ஏராளமாய் இறக்கப்பட்டன. ஆர்சனிக் என்னும் பாஷாணம் அந்நிலத்தடி நீரிற் கலந்திருந்தமை பிற்பாடே தெரிய வந்தது. அதற்குள் அநேகர் தோல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் ஆளாயினர். காய்ச்சுவதால் கிருமிகள் மடியுமேயன்றிப் பாஷாணம் நீங்காது. நீர் சுண்டுமளவுக்கு அதன் செறிவு மிகவே செய்யும்.

இக்குறையை நீக்க உதவுவன நானோ துகள்கள். ஒரு மீட்டரை 100 கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் அளவுள்ள கனங்களாகப் பிரித்தால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்டு நிலமாகும். பரப்பு மிகுதலால் நஞ்சைப் பற்றும் சக்தியும் மிகுகின்றது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் இத்துறையில் நெடுநாள் உழைத்து வருகின்றனர். பூச்சிமருந்தின் மிச்சத்தை வெள்ளி நுண்துகள்களால் அகற்றும் அவர்களது முறை, 2007-ல் வடிகட்டிகளில் விற்பனைக்கு வந்தது. பாஷாணத்துக்கு அவர்கள் கண்ட ‘அம்ரித்’ முறையில், துருவையொத்த இரும்புச் சேர்மத்தின் நுண்துகள்கள், இறால், நண்டு ஓடுகளினின்று கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளிற் பொதியப்படுகின்றன. பாஷாணம் அவற்றில் ஒட்டிக்கொள்ள, நீர் வடிகின்றது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி.

கிருமிகளைக் கொல்வது வெள்ளியினின்று நீரிற் கரையும் அயனிகளாம். அவை கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி, அதன் சுவாசத்தைத் தடுத்து மாய்க்கின்றன. இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட முறையில் வெள்ளித் துகள்கள் கைட்டோசான் கூட்டினுள் நிலைநிறுத்தப்பட்டன. லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளியே நீரிற் கலந்தது; 100 மைக்ரோகிராம் வரை தீங்கில்லையென்பது மேற்படி ஸ்தாபனத்தின் கருத்து.

ஆனால் ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. கிருமியைக் கொல்லும் வெள்ளி பாஷாணத்தை நீக்காது. பாஷாணத்தைப் பற்றும் இரும்பைக் கிருமிக்கு நம்பலாகாது. துகள்களின் சக்தியும் நாளடைவில் தீர்ந்துவிடும். உரிய காலத்தில் மாற்றாவிடில் வடிகட்டி இருந்தும் பயனில்லை. கழித்த பொருளை வயலிலோ குப்பைக்குழியிலோ கொட்டலாகாது. வெள்ளி நன்மை தீமை அறியாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கிப் பயிருக்கு உணவூட்டும் மண்ணுயிர்களையும் அது வாட்டும்.

ஆகையால் வடிகட்டி வாங்குமுன் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலையிற் சோதித்து, குறை இன்னதென அறிதல் வேண்டும். மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்றருகே கழுவாமலும், எருக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தும் காத்துக்கொண்டால் பாதி நோயை வருமுன்னரே தடுத்தவராவர்.