படமாளிகையும் பொதுவெளியும்: தோற்றம், மறைவு, மறுவடிவம்

தமிழ்ச் சினிமா பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை படங்களையும் நடிகர்களையும் மையமாகக் கொண்டனவாகவே அமைந்துள்ளன. படம் காட்டப்பெற்ற இடம் பற்றிய ஆராய்ச்சி அருகியே காணப்படுகின்றது. தமிழர் சாதி வேறுபாடின்றி ஒருங்குகூடிப் பார்வையாளராகிய முதல் அரங்கு படமாளிகையே என்னும் கருத்தினை முன்வைத்தவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆவர். அக்கருத்தினை அடியாகக் கொண்டு, படமாளிகைகளின் தோற்றத்தையும் மறைவையும் ஒரு பொதுவெளியின் வரலாறாக நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றம்

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுதுவினைஞராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊரூராகக் கூடாரமடித்துப் படங் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் அவர் அமைத்த வெரைட்டி ஹால் நிரந்தர அரங்காயிற்று. அதே ஆண்டிற் சென்னையில் இரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கினைத் திறந்தார். இலங்கையிற் சிற்றம்பலம் கார்டினர் 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனம் இத்தொழிலுக்கு அடித்தளமிட்டது.

இவ்வரங்குகளின் இருக்கை ஒழுங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மணற்றரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவுகளைத் தீர்மானித்தது சீட்டின் விலையே, பிறப்பன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968இலும் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கோயிலில் மூலத்தானத்தை அணுகுந்தோறும் உயர்வு கூடும். கொட்டகையிலோ திரைக்கு மிக அருகில் அமர்ந்தவர் மிகக் குறைந்த காசு கொடுத்தவரே. இதனை அரங்க உரிமையாளரின் முற்போக்குச் சிந்தையின் விளைவெனக் கொள்ளுதல் தவறாகும். எவர் கையிலுள்ள காசும் வாணிபத்துக்கு வேண்டியதாயிருந்தமையே காரணம். சாதிப் படிநிலை இருந்த இடத்தில் வர்க்கப் படிநிலை வந்தமைந்தது. எனினும், கூலித் தொழிலாளியும் நிலவுடைமையாளனும் ஒரே காட்சிக்கு ஒரே வேளையிற் சிரித்தமை சிறிய மாற்றமன்று.

2. மறைவு

மதுரைத் தங்கம் தியேட்டர் 1952இற் 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்டபோது 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டிருந்தது. இத்தகைய பேரரங்குகளைத் தாங்கிநின்றது அக்கால விநியோக முறையாகும். குறைந்த எண்ணிக்கைப் படிகளே எடுக்கப்பட்டமையால், ஒரு படம் முதலில் நகரங்களில் நூறு நாள் ஓடிப் பின்னர் சிற்றூர்களை அடைந்தது. தொலைக்காட்சியும் வீடியோவும் பார்வையாளரைக் குறைத்தன. பின்னர் வந்த எண்ணிம முறை ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் படத்தை வெளியிட வழிசெய்தது. வசூல் முதல் வாரத்துள் முடிந்துவிட, இரண்டாம் வாரத்திற் பேரரங்கு வெறிச்சோடியது. அதேவேளை, நகர மையத்திலிருந்த அதன் நிலம், காட்சி தரும் வருமானத்தைவிடப் பன்மடங்கு பெறுமதி அடைந்தது. தங்கம் தியேட்டர் இடிக்கப்பட்டு அவ்விடத்திற் பெருந்துணிக்கடை எழுந்தது. சென்னையில் 1961இல் திறக்கப்பட்ட சாந்தி 2016இலும், அசோக் நகர் உதயம் 2024இலும் மூடப்பட்டன.

இலங்கையில் இப்பொருளாதாரக் காரணிகளுடன் அரசியற் காரணிகளும் இணைந்தன. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசப்படுத்தியது. 1979இலும் 1982இலும் தொலைக்காட்சிச் சேவைகள் தோன்றின. 1983 ஜூலை வன்செயலில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகமும், தமிழர்க்குரிய படமாளிகைகளும் தீக்கிரையாகின. யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலிருந்த ரீகல் போரில் அழிந்தது. தமிழகத்திற் சந்தை மூடிய கதவுகளை இங்கே நெருப்பும் எறிகணையும் மூடின.

3. மறுவடிவம்

மூடப்பட்ட அரங்குகளின் இடத்தைப் பல்திரை அரங்குகள் நிரப்புகின்றன. ஆயிரம் இருக்கைகளை நான்காகப் பிரித்தால் கூட்டத்துக்கேற்பப் படங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் பொருளாதாரத் தருக்கம். கொழும்பு பம்பலப்பிட்டியில் மெஜஸ்டிக் அரங்கு இருந்த இடத்தில் மெஜஸ்டிக் சிற்றி வணிகத் தொகுதி எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 2013இல் திறக்கப்பட்ட கார்கில்ஸ் சதுக்கத்தினுள்ளும் திரையரங்குகள் இடம்பெற்றன.

இம்மாற்றத்தினால் வசதிகள் பெருகியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல ஒலியும் இருக்கையும் துப்புரவும் பார்வையாளரின் உரிமைகளே. ஆயின் வணிகத் தொகுதியின் வாயில் வாங்கும் ஆற்றலுள்ளோரை நோக்கியே திறக்கின்றது. சீட்டு விலையோடு சிற்றுண்டி விலையும் சேர, நாட்கூலிக் குடும்பம் அங்கே செல்வது அரிதாகின்றது. சென்னைப் பல்திரை அரங்குகளில் முன்வரிசை இருக்கைகள் சிலவற்றைப் 10 ரூபாவுக்கு விற்க வேண்டுமென்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்தது. சந்தை தானாக ஏழைக்கு இடந்தராது என்பதை அவ்விதியே உணர்த்தும்.

எனவே, பழைய கட்டடங்களின் மறைவுக்காக இரங்குவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. திரைப்படம் அழியவில்லை, அழிந்தது மலிந்த விலைச் சீட்டும், அது உருவாக்கிய பொதுக்கூட்டமுமே. கேரளத்தில் அரச திரைப்பட வளர்ச்சிக் கழகம் தனக்கெனத் திரையரங்குகளை நடத்துகின்றமை, தனியார் இலாபத்துக்கு வெளியேயும் வழியுண்டு என்பதற்குச் சான்று. உள்ளூராட்சி மன்றங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அவ்வழியைச் சிந்தித்தல் தகும். எஞ்சியுள்ள அரங்குகளின் வரைபடங்கள், சீட்டுகள், விளம்பரத் துண்டுகள் ஆகியவற்றையும், அங்கு பணிபுரிந்த படவோட்டுநர், வாயிற்காப்போர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளையும் சேகரிப்பது பல்கலைக்கழக மாணவர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.