மேற்கோள் குறிக்குள் சிவப்பு மை வேண்டாம்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு ஒரு பையனைக் கூட்டிப் போங்கள். விவசாயி எப்படிக் கேட்டார், வியாபாரி எப்படி மழுப்பினார் என்று வீட்டுக்கு வந்து அச்சு அசலாகப் பேசிக் காட்டிவிடுவான். அதையே கதையாக எழுதச் சொன்னால் நோட்டில் இப்படி வரும்:

“ஐயா, இன்று மல்லிகை என்ன விலை?” என்று விவசாயி வினவினார். “இன்று விலை மிகவும் குறைந்துவிட்டது” என்று வியாபாரி கூறினார்.

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் சத்தியில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. “ஏனுங், இன்னிக்கு மல்லி என்ன ரேட்டுங்?” “அதையேனுங் கேக்கறீங்க, எறங்கிப் போச்சு!” என்பதுதான் அவன் காதில் விழுந்தது.

அதை எழுதவிடாமல் தடுத்தது சிவப்பு மை மேல் உள்ள பயம். ‘போனாங்க’ என்று எழுதினால் அடிக்கோடு விழும். பக்கத்தில் ‘கொச்சை’ என்று குறிப்பும் வரும். கட்டுரைக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் அந்தக் கண்டிப்பு சரி. கதையில் வரும் ஆட்களுக்கும் அதே கண்டிப்பைக் காட்டினால் தாத்தா, பேத்தி, கண்டக்டர், கடைக்காரர் எல்லாரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

கொங்கில் இல்லாத முன்மாதிரியா?

பேச்சு மொழியைக் கதைக்குள் கொண்டுவருவதில் கொங்கு நாடு யாருக்கும் பின்தங்கியதில்லை. கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ நாவலை வெளியிட்டார். தமிழின் வட்டார நாவல்களுக்கு முன்னோடியாக அதைத்தான் சொல்கிறார்கள். பின்னர் பெருமாள்முருகன் கொங்கு மக்களின் பேச்சை நாவல்களில் எழுதியதோடு, ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யையும் தொகுத்தார். சத்தியமங்கலம் காட்டில் வாழும் சோளகர்களின் துயரத்தைச் சொல்லும் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது. இத்தனையும் நம் பக்கத்தில் இருக்க, இங்கே படிக்கும் பிள்ளை மட்டும் தன் ஊர்ப் பேச்சு எழுத்துக்கு ஆகாது என்று நினைத்து வளர்கிறது.

பெயரை மூடிப் பாருங்கள்

நம் பிள்ளைகளுக்கு உரையாடல் எழுதுவது புதிதல்ல. ‘தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடைபெறும் உரையாடலை எழுதுக’ என்பது பழகிப்போன தேர்வுக் கேள்வி. இடப்பக்கம் தந்தை, மகன் என்று பெயர்கள், பக்கத்தில் இரு புள்ளி, அதற்கப்புறம் பேச்சு. இது நாடக வடிவம். யார் பேசுகிறார் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால், பேச்சு எப்படி இருந்தாலும் குழப்பம் வராது.

கதையில் அந்தப் பெயர் வரிசை கிடையாது. எனவே ஆசிரியர்கள் பிள்ளைகளின் உரையாடல் விடையையே எடுத்து, இடப்பக்கப் பெயர்களைக் கையால் மூடச் சொல்லலாம். எந்த வரி யாருடையது என்று பக்கத்து பெஞ்சுக்காரர் சொல்லிவிட்டால் எழுதியது தேறிவிட்டது. சொல்ல முடியவில்லை என்றால் திருத்த வேண்டியது பேச்சைத்தான்.

கொங்குப் பேச்சில் இதற்கு வசதி அதிகம். “சாப்புட்டீங்ளா?” என்றால் கேட்பவர் இளையவர், அல்லது மரியாதை கொடுப்பவர். “சாப்புட்டயா கண்ணு?” என்றால் ஆத்தாவோ அப்பாருவோ பேரப்பிள்ளையைக் கேட்கிறார்கள். ஒரு ‘ங்’கும் ஒரு ‘கண்ணு’வும் வயது, உறவு, நெருக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. ‘என்று பாசத்துடன் கூறினாள்’ என எழுத வேண்டிய வேலையே மிச்சம்.

குறிகள் எதற்கு?

காதுக்குப் பிறகுதான் குறி. ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. பேச்சு முடியும் இடத்தை ‘என’, ‘என்று’, ‘என்றான்’ போன்ற சொற்களே காட்டிவந்தன. நிறுத்தக் குறிகள் அச்சுக் காலத்தில் பரவியவை. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்டவராக 19ஆம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலரைக் குறிப்பிடுவார்கள்.

பேச்சின் முடிவுக்கு ‘என்று’ காவல் இருக்கிறது. தொடக்கத்துக்கு எந்தச் சொல்லும் காவல் இல்லை. ‘முருகன் அம்மாவிடம் நான் நாளைக்குச் சந்தைக்கு வருகிறேன் என்றான்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், ‘நான்’ வரும் இடத்தில் வாசகர் தடுக்கி விழுகிறார். ஆகவே முதலில் கற்றுத்தர வேண்டியது திறக்கும் குறியை. முருகன் அம்மாவிடம், “நான் நாளைக்குச் சந்தைக்கு வருகிறேன்” என்றான். காற்புள்ளி ஒன்று, திறப்பு ஒன்று, மூடல் ஒன்று.

மேற்கோள் குறி வேண்டாம் என்றால் அயற்கூற்றாக மாற்ற வேண்டும்: ‘மறுநாள் தான் சந்தைக்கு வருவதாக முருகன் சொன்னான்’. ‘நான்’ ‘தான்’ ஆகும். ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும். இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். கதை எழுதும்போது செய்து பார்த்தால் மனதில் நிற்கும்.

கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேசியவருடையவை என்றால் மேற்கோள் குறிக்கு உள்ளே நிற்கும். ஆள் மாறினால் பத்தி மாறும். ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் உள்ளே ஒற்றைக் குறி. ‘வினவினான்’, ‘பகர்ந்தான்’, ‘இயம்பினான்’ என்று தேடி அலைய வேண்டாம். ‘என்றான்’, ‘கேட்டான்’ இரண்டும் போதும்.

இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட மூன்று பிள்ளைகளை எழுந்து நின்று படிக்கச் சொல்வது மேல். இருவர் பாத்திரங்கள், ஒருவர் கதைசொல்லி. குரல் கைமாறும் இடத்திலெல்லாம் குறி விழ வேண்டும். யார் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விழித்தால், குறி விட்டுப்போன இடம் தானாகத் தெரிந்துவிடும்.

மலைப் பிள்ளைகள்

தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் உண்டு. கடம்பூர் மலையிலும் திம்பத்துக்கு மேலேயும் ஊராளி, சோளகர் பிள்ளைகள் தங்கள் மொழியோடு பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் கதையில் பாட்டி ஒரு வரியைத் தன் மொழியிலேயே பேசட்டும். அடுத்த வரியில் பேத்தி தமிழில் சொல்லும் பதிலிலிருந்து வாசகர் பொருளைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு இது கூடுதல் பலம்.

‘பேச்சு வழக்கில் எழுதினால் மார்க் போய்விடாதா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். கதைசொல்லியின் வரிகள் எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். பேச்சு வழக்கு மேற்கோள் குறிக்குள் மட்டும். எங்கே எந்தத் தமிழ் என்று பிரித்தறியும் பிள்ளை தேர்விலும் தடுமாறாது.

பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. அவற்றில் சத்தி வட்டாரப் பிள்ளைகளின் கதைகள் அவர்கள் குரலிலேயே வர வேண்டும். அதற்கு ஆசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குறி தவறினால் திருத்துங்கள், குறிக்குள் இருக்கும் குரலில் கை வைக்காதீர்கள்.