கைம்மாறும் விற்பனை வரியும்

வரி என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அது கடைக்காரர்களின் கவலை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு இத்தலைநகரில் நாங்கள் நால்வர் சேர்ந்து, தெருக்கூத்துப் படங்கள் அடங்கிய நூல் ஒன்றை வெளியிட முற்பட்டபோது அந்த எண்ணம் மாறிற்று.

பலரிடம் சிறு சிறு தொகை திரட்டி ஒரு காரியத்தை முடிப்பது நமக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில், நூல் வெளிவருமுன்பே வாங்குவோரிடம் கையொப்பம் பெறும் வழக்கம் இருந்தது. அதையே இன்று கிரவுட்ஃபண்டிங் என்கிறோம். வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினோம், யு.பி.ஐ. வழியாகப் பணம் வந்தது. 200 ரூபாய் தருவோரின் பெயர் நன்றியுரையில் இடம்பெறும். 630 ரூபாய்க்கு நூல். 1,050 ரூபாய்க்கு நூலும் ஒரு டி-ஷர்ட்டும். பணமெல்லாம் பொருளாளராக இருந்த நண்பனின் கணக்கிலேயே சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம்.

"இது நன்கொடைதானே, வரி எதற்கு?" என்று அவன் கேட்டான். விடை, கைம்மாறு உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது.

விற்பனை வரி நம்மவர்க்குப் பழக்கமானதே. பொது விற்பனை வரியை 1939-இல் சட்டமாக்கியது ராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு. 2017 ஜூலை 1 முதல், சில பொருள்கள் நீங்கலாக, அவ்விடத்தில் சரக்கு சேவை வரி நிற்கிறது. பணம் பெற்று, அதற்கு ஈடாகப் பொருளோ சேவையோ தந்தால் அது வழங்கல் ஆகும். இலாப நோக்கம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க இயலாது. இலாபம் கருதாத வாணிகமும் வாணிகமே என்கிறது சட்டம். எதுவும் திரும்பப் பெறாமல் கொடுப்பதே நன்கொடை. அறநிலையங்களுக்குத் தனிமனிதர் தரும் நன்கொடை பற்றி 2019 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. விளம்பர நோக்கமின்றி, நன்றிக்காகக் கொடையாளர் பெயரைப் பொறிப்பது வரிக்கு உரிய சேவை ஆகாது என்று அது விளக்கிற்று. ஆனால் ஒரு கடையின் விளம்பரத்தை அச்சிட்டுக் கொடுத்தால் கதை வேறு.

நூலும் டி-ஷர்ட்டும் கைம்மாறு பெற்ற வழங்கல்களே. அச்சு நூலுக்கு வரி இல்லை. 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல், 5 விழுக்காடு வரி. இரண்டையும் ஒரே விலைக்குக் கட்டிக் கொடுத்தால் அது கலப்பு வழங்கல்; இரண்டில் உயர்ந்த விகிதமே முழுவதற்கும் பொருந்தும். பதிவு பெற்றவர் ஒருவர் எங்கள் 1,050 ரூபாய்க் கட்டை விற்றால், அதில் வரி 50 ரூபாய். நூலை 630-க்கும் ஆடையை 420-க்கும் உண்மையாகவே தனித்தனியே விற்றால் வரி 20 ரூபாய்தான்.

"நாம் சிறியவர்கள், நமக்கு எதற்குப் பதிவு?" என்றான் நண்பன். பாதி உண்மை. சரக்கு மட்டும் வழங்குவோர்க்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. சேவை வழங்குவோர்க்கு 20 லட்சம். ஆனால் வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்திற்கு விற்று அனுப்பினால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். எங்கள் ஆதரவாளர்களில் பலர் சென்னையிலும் கோவையிலும் இருந்தனர். டி-ஷர்ட் பொட்டலங்கள் கட்டி, முகவரியும் எழுதி, அறையின் மூலையில் அடுக்கப்பட்டிருந்தன! அவற்றை அனுப்பியிருந்தால் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கும்? கணக்கு யார் பெயரிலோ அவன் தலையில். அன்று இரவு அவன் உறங்கவில்லை.

மற்றொருவன், ரசீதில் 5 விழுக்காடு வரி என்று சேர்த்து வாங்கிவிடலாம் என்றான். அது இன்னும் பெரிய தவறு. பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது.

முடிவில், வெளியூர் ஆதரவாளர்க்கெல்லாம் உண்மையைச் சொல்லி எழுதினோம். "டி-ஷர்ட்டுக்குரிய 420 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், நூல் மட்டும் வரும்" என்றோம். நூலுக்கு வரி இல்லையாதலால் அது எல்லை தாண்டுவதில் சிக்கலில்லை. ஆடைகளை இவ்வூரில் உள்ளவர்க்கு மட்டும் கொடுத்தோம். எங்கள் கையிலிருந்து சிறிது பணம் போயிற்று. நண்பனின் நிம்மதி திரும்பிற்று.

அடுத்து நிதி திரட்டப் புறப்படும் தோழர்க்கு மூன்று சொற்கள். நன்கொடையையும் விலையையும் முதலிலேயே பிரித்து எழுதுங்கள். கைம்மாறாகப் பொருள் தருவதாயின், அது எந்த மாநிலத்திற்குப் போகும் என்று முன்பே பாருங்கள். பணம் யார் கணக்கில் சேர்கிறதோ, அவரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நட்புக்காகக் கணக்கைக் கொடுத்தவனை வரிக்கணக்கில் சிக்கவைப்பது நட்பாகாது.