'சின்ன வெங்காயத்துக்கு' ஏன் 'ர' வரவில்லை? பிரேசில் குழந்தைகள் பேசப் பழகும் கதை

பிரேசிலில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு செபோலின்யாவைத் தெரியாமல் இருக்காது. தலையில் எண்ணி ஐந்தே முடி, வயசு ஏழு. பெயருக்கு நேர் அர்த்தம், 'சின்ன வெங்காயம்'. ஓவியர் மவுரிசியோ டி சோசா 1960-ல் உருவாக்கிய இந்தப் பையனுக்கு 'ர' வராது, 'ல'தான் வரும். 'இப்போ' என்பதற்கு போர்ச்சுகீசிய மொழியில் 'அகோரா'. இவன் சொன்னால் 'அகோலா'.

காமிக்ஸில் இது சிரிப்பு. வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை இப்படிப் பேசினால் அம்மா, அப்பாவுக்குக் கவலை வந்துவிடும். அப்போ, எந்த வயசு வரை இது சாதாரணம்?

'காரு' என்றால் கார் இல்லை

பிரேசில் குழந்தைகளின் வாயில் முதலில் படிவது ப, த, க, ம, ந போன்ற ஒலிகள். ரெண்டு வயசை ஒட்டி இவை பெரும்பாலும் வந்துவிடும். காற்றை உரசவிட்டுச் சொல்லும் ஃப, ஸ, ஷ எல்லாம் அடுத்து. இதில் 'ஷ' கொஞ்சம் அடம்பிடிக்கும். நாம் சொல்லும் 'சாவி' போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல். இன்றைய பிரேசிலில் அது 'ஷாவி'. வாண்டுகள் அதை 'ஸாவி' ஆக்கிவிடுவார்கள்.

பெரிய சிக்கல் 'ர'வில்தான். அந்த மொழியில் இது ரெண்டு வகை. ஒன்று, தமிழ் 'ர' மாதிரி நாக்கு நுனியில் பிறப்பது. இன்னொன்று, பிரேசிலின் பல பகுதிகளில் தொண்டையிலிருந்து 'ஹ' போல வருவது. 'காரு' என்றால் 'விலை ஜாஸ்தி'. 'காஹு' என்றால்தான் கார். தொண்டை ஒலி மூன்றரை வயசு வாக்கில் வந்துவிடுகிறது. நாக்கு நுனி ஒலிக்கு நாலு வயசு தாண்ட வேண்டியிருக்கிறது.

காரணம் வேகம். 'ர' சொல்ல, நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தட்டிவிட்டு உடனே விலக வேண்டும். ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் ரெண்டு, மூன்று பங்குதான் நேரம். நாக்கு அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டால் கேட்பது 'ல'. குழந்தை இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டது, விலகத்தான் தாமதம். செபோலின்யாவின் பிரச்சினையும் இதேதான்.

தட்டு கேட்டால் வாத்து

இதைவிடக் கஷ்டம், 'ப்ர', 'த்ர' மாதிரி ரெண்டு மெய் ஒட்டி வருவது. இது கைகூட ஐந்து வயசு ஆகிவிடும். அதுவரை 'ர' காணாமல் போகும். 'நன்றி' சொல்லும் 'ஒப்ரிகாடு', 'ஒபிகாடு' ஆகும். சாப்பாட்டுத் தட்டு 'ப்ராத்து'. அது 'பாத்து' என்றானால் அர்த்தம் வாத்து!

சுவாரசியம் என்னவென்றால், குழந்தையின் காது இதில் ஏமாறுவதில்லை. 'ப்ராத்து' எடுத்து வா என்றால் தட்டைத்தான் எடுத்து வரும். பெரியவர்கள் செல்லமாக 'பாத்து' என்று திருப்பிச் சொன்னால், சில குழந்தைகளுக்குக் கோபமே வரும். 'எங்கே, ர சொல்லு' என்று நிற்க வைத்துக் கேட்பதைவிட, பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிக் காட்டுவது நல்லது.

ஐந்து வயசுக்கு மேலும் தொடர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. அங்கே 6 வயசில் ஒன்றாம் வகுப்பு. பேசுகிறபடியே எழுதினால் நோட்டிலும் தட்டு வாத்தாகிவிடும், வகுப்பில் கேலி வேறு. ஸ்பீச் தெரபிஸ்ட் தொழிலுக்கு பிரேசிலில் 1981-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே பார்க்க வேண்டும் என்கிறது 2014-ன் இன்னொரு சட்டம். அதற்காக, 'ர' தாமதமாகிற எல்லாக் குழந்தைக்கும் நாக்கில்தான் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

செபோலின்யாவும் தெரபிக்குப் போனான். 2008-ல் வெளிவரத் தொடங்கிய டீன்ஏஜ் காமிக்ஸில் அவன் பெயர் வெறும் 'செபோலா', அதாவது வெங்காயம். 'ர' அழகாக வருகிறது. பதற்றமானால் மட்டும் பழைய 'ல' எட்டிப் பார்க்கிறது.