கையில் ஸ்கிரிப்ட், மேடையில் ஆர்கெஸ்ட்ரா... பழைய மியூசிக்கல்களை மீட்கும் 'என்கோர்ஸ்!'

ஒரு சினிமா ஃப்ளாப் ஆனாலும் கவலையில்லை. பத்து வருஷம் கழித்துக்கூட ஓடிடி-யில் தேடிப் பிடித்துப் பார்த்துவிடலாம். ஆனால், மேடை நாடகம்? கடைசிக் காட்சி முடிந்து திரை விழுந்தால் அவ்வளவுதான். பாடல்களைப் பதிவு செய்திருந்தால் அது மட்டும் மிஞ்சும்.

வசனம், பாட்டு, நடனம் மூன்றும் சேர்ந்து கதை சொல்லும் அமெரிக்க மியூசிக்கல்கள் பலவற்றுக்கும் இந்த கதிதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக, கையால்தான் நோட்ஸ் எழுதுவார்கள். நாடகம் நின்றதும் அவையெல்லாம் மூட்டை கட்டப்படும். பல தொலைந்தே போயின. 1982-ல் நியூஜெர்சியின் செக்காகஸில் இருந்த வார்னர் பிரதர்ஸ் கிடங்கில், ஜார்ஜ் கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன் போன்ற ஜாம்பவான்களின் கையெழுத்துப் பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன என்றால் பார்த்துக்கோங்க!

சரி, நோட்ஸ் கிடைத்தால் போதுமா? பிராட்வேயில் ஒரு நாடகம் போட பல மில்லியன் டாலர் வேண்டும். எல்லோரும் மறந்துபோன ஒரு நாடகத்தை நம்பி யார் பணம் போடுவாங்க?

இதற்கு 1994-ல் ஒரு வழி கண்டுபிடித்தது 'நியூயார்க் சிட்டி சென்டர்' அரங்கம். 'என்கோர்ஸ்!' என்ற அந்தத் தொடரின் ஐடியா ரொம்ப சிம்பிள். பிரமாண்ட செட் கிடையாது. ஒத்திகை சில நாள்கள்தான். ஆரம்ப வருடங்களில் நடிகர்கள் ஸ்கிரிப்டைக் கையில் பிடித்தபடியே நடித்தார்கள். மிச்சமான காசெல்லாம் எங்கே போனது தெரியுமா? இசைக்கு! வழக்கமாக மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்காரும் ஆர்கெஸ்ட்ரா, இங்கே மேடை மேலேயே. அதுவும், முடிந்தவரை அந்த நாடகத்தின் ஒரிஜினல் வாத்திய அமைப்போடு.

இதில் என்ன பெருசு என்கிறீர்களா? செலவைக் குறைக்க பிராட்வேயில் வாத்தியக்காரர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இந்தப் பிரச்னைக்காகவே 2003-ல் இசைக்கலைஞர்கள் ஸ்டிரைக் செய்ய, மியூசிக்கல்கள் சில நாள்கள் முடங்கின. நிஜ வயலின்களும் டிரம்பெட்களும் முழுசாக ஒலிப்பதைக் கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

என்கோர்ஸின் வேலை ஹிட்களை மறுபடி ஓட்டுவது அல்ல. 1964-ல் ஒன்பதே காட்சிகளோடு பெட்டிக்குள் போன ஸ்டீபன் சோன்ட்ஹைமின் 'எனிஒன் கேன் விசில்' நாடகத்தை 2010-ல் எடுத்து மேடையேற்றினார்கள்.

சில சமயம் ஜாக்பாட்டும் அடிக்கும். 1975-ல் வந்த 'சிகாகோ', அதே வருடம் வந்த 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் வெற்றிக்கு முன்னால் எடுபடாமல் போனது. 1996 மே மாதம் என்கோர்ஸ் அதைக் கச்சேரி வடிவில் போட, அதே நவம்பரில் பிராட்வேக்கே போய்விட்டது. பெரிய செட் இல்லை, கறுப்பு உடை, மேடையிலேயே இசைக்குழு. அந்த எளிமையை மாற்றவே இல்லை. ஆறு டோனி விருதுகளை வென்று, பிராட்வேயில் மிக நீண்ட காலம் ஓடும் அமெரிக்க மியூசிக்கலாகவும் ஆனது. 2002-ல் ஹாலிவுட் படமாக வந்து ஆஸ்கரும் வாங்கியது.

காசு இல்லாததால் செய்த சிக்கனம், கடைசியில் அதுவே ஸ்டைலாகிவிட்டது!

ஹெட்போன் இருக்கிறதா? 'சிகாகோ'வின் 1975, 1997 ஆல்பங்களைத் தேடி, அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். பாடல்கள் அதேதான். முதல் தடவை அது கைநழுவிப் போயிருந்தால் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது உங்களுக்கே புரியும்.