இசைவும் கட்டாயமும்

நோய்த் தடுப்பு ஒருவனுடைய உடலைச் சார்ந்த காரியமா, ஊராருடைய நலத்தைச் சார்ந்த காரியமா? இரண்டையும் சார்ந்தது என்பதே விடை. ஆதலினாலேதான் இவ்வினா இங்கிலாந்திலே மீண்டும் மீண்டும் பாராளுமன்றத்தின் முன் வந்திருக்கிறது.

1853ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு அம்மைப்பால் குத்துவித்தல் பெற்றோர் கடமை என விதித்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டமோ, தவறியவர்களுக்கு ஒரு முறையன்றிப் பலமுறை அபராதம் விதிக்கவும் இடந்தந்தது. செல்வருக்கு அபராதம் பெரிதன்று. கூலிவேலை செய்வோர் அதைக் கட்ட இயலாதபோது வீட்டுச் சாமான்கள் பறிமுதலாயின. சிலர் சிறையும் புகுந்தனர். அவர்களுடைய அச்சம் முழுவதையும் அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. ஒரு குழந்தையின் கையிலெழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்திய அக்காலத்தில், பிற நோய்களும் சிலவேளை அதனோடு தொற்றியதுண்டு.

1885ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லெஸ்டர் நகரிலே பல்லாயிரவர் திரண்டு இக்கட்டாயத்தை எதிர்த்தனர். 1889இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, ஏழாண்டு ஆராய்ந்து, இரண்டு முடிவுகளைக் கூறியது: அம்மைப்பால் வைசூரியினின்று காப்பது உண்மை, ஆயினும், தொடர்ந்து தண்டிப்பதைக் கைவிடல் வேண்டும். அதன்பின் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சி காரணமாக மறுக்கும் பெற்றோருக்கு நீதிவான் முன் சென்று விலக்குப் பெற வழிசெய்தது. கையிலிருந்து கைக்கு ஏற்றும் முறையும் அகன்று, கன்றிலிருந்து பெற்றுத் தூய்மை செய்யப்பட்ட பால் வழங்கப்பட்டது. 1946இல் இயற்றப்பட்ட தேசிய சுகாதார சேவைச் சட்டம் கட்டாயத்தையே நீக்கியது.

எனினும், கொவிட் நோய் பரவிய காலத்தில் வினா வேறு உருவெடுத்தது. இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களிலே பணிபுரிவோர், வைத்தியக் காரணத்தால் விலக்குப் பெற்றோர் நீங்கலாக, தடுப்பூசி பெற்றிருத்தல் வேண்டும் என்ற விதி 2021 நவம்பர் 11இல் நடைமுறைக்கு வந்தது. எவருடைய கையையும் பிடித்து ஊசி ஏற்றவில்லை. மறுத்தவர் அங்கே பணிபுரிய இயலாது, அவ்வளவே. ஆனால், அன்றாட ஊதியத்தை நம்பி வாழும் ஒருவருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு? மறுபுறத்தில், படுக்கையிலிருக்கும் முதியவர் தம்மைத் தொட்டுத் தூக்குபவரைத் தாமே தெரிந்துகொள்ள முடியாதே. அவருடைய பாதுகாப்புக்கு எவர் பொறுப்பு? இரு வினாக்களும் நியாயமானவையே.

ஒமிக்ரோன் வகை பரவியபோது, தொற்றைத் தடுக்கும் ஆற்றல் தடுப்பூசிக்குக் குறைந்தது. கடும் நோயினின்று காக்கும் ஆற்றல் பெரிதும் நிலைத்தது. பிறரைக் காத்தற்பொருட்டு என்ற காரணம் இவ்வாறு மெலிந்தமையாலும், பணியாளர் பற்றாக்குறை பெருகுமென்ற கவலையாலும், 2022 மார்ச்சு 15இல் அவ்விதி நீக்கப்பட்டது.

பணியிடத்தில் இத்தகைய விதியை வகுப்போர் கருதவேண்டியவை இவற்றால் விளங்கும். தடுப்பூசி பிறரை எவ்வளவு காக்கிறது, அப்பணியில் ஆபத்து எத்தகையது, வேறு வேலைக்கு மாற்ற இயலுமா என்பவற்றை முதலிலே ஆராய்தல் வேண்டும். ஊசியின் பயனையும் பக்கவிளைவையும் மறைக்காது எடுத்துரைத்து, ஐயத்தைக் கேட்க அவகாசமும், ஊசி பெறச் சம்பளத்துடன் விடுமுறையும் அளித்தல் வேண்டும். இவற்றைச் செய்தபின் கிடைப்பதே இசைவு. இவற்றைச் செய்யாமல் பெறப்படுவது வெறும் கையொப்பம்.