உயிர் மீட்கும் மருந்தும் சட்டமும்

அபினியின் இனத்தைச் சேர்ந்த மார்பின், ஹெராயின், ஃபென்டனில் முதலியவை அளவு மீறினால் மூச்சை அடக்கிக் கொல்வன. உறங்குபவன் போலவே கிடந்து, உதடு நீலம் பாரித்து, மனிதன் மாண்டு போகிறான். இதற்கு மாற்று மருந்து உண்டு. நாலாக்சோன் எனப்படும் அது, மூளையில் நஞ்சு பற்றிய இடத்திலிருந்து அதனை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்து கொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது.

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டிலேயே இதற்கு அனுமதி கிடைத்தது. ஆயினும் நெடுங்காலம் அது பெரும்பாலும் மருத்துவமனையையும் ஆம்புலன்சையும் விட்டு வெளிவரவில்லை. மருந்துச் சீட்டு நோயாளியின் பெயருக்கே எழுதப்படுவது. நினைவிழந்து கிடப்பவன் தனக்குத்தானே மருந்து செலுத்திக்கொள்வது எங்ஙனம்? செலுத்த வேண்டியவர் தாயோ, நண்பரோ, பக்கத்து அறைக்காரரோ அல்லவா? அவர்கள் பெயருக்குச் சீட்டு எழுத மருத்துவர் அஞ்சினார். வழக்கு வருமென்று அவர்களும் அஞ்சினர். உடனிருந்தவர் போலீசுக்குப் பயந்து ஓடிவிடுவதும் உண்டு. இம்மருந்தை உருவாக்கியோருள் ஒருவரான ஜாக் பிஷ்மனின் மனைவியின் மகனே, 2003இல் ஹெராயின் மிகையால் இறந்தான் என்றால் நிலைமையை நாம் உணரலாம்.

முதலில் வழி திறந்தது நியூ மெக்சிகோ மாநிலம். மருந்தைக் கொடுத்து உதவும் பொதுமக்கள் மீது வழக்குத் தொடர முடியாதென 2001இல் அது சட்டம் செய்தது. உதவிக்கு அழைப்பவரைப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்காகத் தண்டிப்பதில்லை என்று 2007இல் மற்றொரு சட்டம் கூறியது. சாலை விபத்தில் உதவுவோருக்கு நம் நாட்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019இல் அளித்த பாதுகாப்பை நேயர்கள் அறிவார்கள்; ஏறக்குறைய அதே கருத்துத்தான். 2017க்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதேனும் ஒரு வகையில் இவ்வழிக்கு வந்தன. மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே பொது ஆணை எழுதி வைக்க, அதைக்கொண்டு கடைக்காரர் கேட்டவருக்கு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டாயிற்று.

இது பழக்கத்தை வளர்க்குமென்று வாதிட்டோர் இருந்தனர். கிணற்றருகே கயிறு தொங்குகிறதென்று எவரும் கிணற்றில் குதிப்பதில்லை. இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

2023 மார்ச்சில், மூக்கில் பீச்சும் வகையைச் சீட்டின்றி விற்க மத்திய அனுமதி கிடைத்தது. அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியுள்ள நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மருந்தின் வேகம் முப்பது முதல் தொண்ணூறு நிமிடத்தில் தணியும், நஞ்சு அதற்குப் பின்னும் உடலில் இருக்கலாம். எனவே ஆம்புலன்சை அழைத்தே தீர வேண்டும். இரண்டு வேளை மருந்துக்கு அவ்வாண்டில் குறித்த விலை ஏறக்குறைய 45 டாலர். வாங்க இயலாதோருக்காகப் பல ஊர்களில் சுகாதார இலாகாக்கள் இலவசமாகவே வழங்கி வருகின்றன.